வாசகர் கேள்வி – பதில்: முனைவர் பட்ட உதவித்தொகைக்கான ஆய்வு முன்மொழிவு

கேள்வி: நிலவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றுள்ளேன். ஜெர்மனியின் டாட் (DAAD – ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) அமைப்பு வழங்கும் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, ‘நாகப்பட்டினம் மாவட்ட நிலத்தடி நீரின் தரம்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பில் பத்துப் பக்க முன்மொழிவு எழுதியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு. படித்துப் பார்த்த என் பேராசிரியர், “இதில் கேள்வியே இல்லையே” என்கிறார். எப்படித் திருத்துவது? – வாசகி, நாகப்பட்டினம்

பதில்: பேராசிரியர் சொல்வது சரிதான். உங்கள் தலைப்பு ஓர் ஊரையும் ஒரு பொருளையும் சொல்கிறதே தவிர, எதைக் கண்டறியப் போகிறீர்கள் என்பதைச் சொல்லவில்லை. கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு ஏறுவது உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஆய்வுக்கு இடம் இருக்கிறது. அளவுக்கு மீறி நீர் இறைப்பதால் கடல்நீர் உட்புகுந்திருக்கலாம். இறால் குட்டைகளிலிருந்து கசிந்திருக்கலாம். முற்காலத்தில் கடல் பரவியிருந்தபோது களிமண் அடுக்குகளில் தங்கிவிட்ட பழைய உவர்நீராகவும் இருக்கலாம். முதலாவது காரணமென்றால் இறைப்பதைக் குறைக்க வேண்டும், இரண்டாவதென்றால் குட்டைகளை எங்கே வெட்டலாம் என்பதை முறைப்படுத்த வேண்டும், மூன்றாவதென்றால் அந்த ஆழத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவதையே தவிர்க்க வேண்டும். இந்த மூன்றில் எது, எந்தக் கிணற்றில் என்று கேட்டால் அது ஆய்வுக் கேள்வி.

அடுத்து, நீங்கள் சொல்லும் ஆய்வு முறையால் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியுமா என்று பாருங்கள். நல்ல முன்மொழிவுகளும் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதத்தை அளப்பேன் என்று எழுதுவது வழக்கம். கடல்நீரில் அது எடையளவில் ஏறத்தாழ 290. சாக்கடை நீர் கலந்த கிணற்றில் பெரும்பாலும் அதைவிட மிகுந்திருக்கும். ஆனால் இறால் குட்டையில் நிற்பதும் கடலிலிருந்தோ கழிமுகத்திலிருந்தோ வந்த நீர்தான். வெயிலில் ஆவியாவதால் மட்டும் அந்த விகிதம் எளிதில் மாறிவிடாது. எனவே உங்கள் முதல் இரண்டு விடைகளுக்கும் ஒரே எண் கிடைக்கும். அவற்றைப் பிரிக்க, நீரிலுள்ள ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் என்னும் ஐசோடோப்புகளையும் (ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் கனமான அணு வகைகள்) அளக்க வேண்டும்: குட்டைநீர் ஆவியாகும்போது இலேசான மூலக்கூறுகள் முந்திக்கொண்டு வெளியேறிவிட, எஞ்சும் நீரில் கனமானவற்றின் பங்கு கூடி, இவ்விரு அளவுகளையும் வரைபடத்தில் குறித்தால், அது மழைநீர் மாதிரிகள் அமையும் நேர்கோட்டை விட்டு விலகி நிற்கும். பழைய நீரைக் கண்டுகொள்ளக் கார்பன்-14 கொண்டு வயது கணிக்கலாம். வாய்க்கால் நீரும் ஏரி நீரும்கூட வெயிலில் ஆவியாகின்றன என்பதால், கிணற்று நீரோடு அவற்றின் மாதிரிகளையும் எடுப்பதாக எழுதுங்கள். மதிப்பீட்டாளர் எழுப்பக்கூடிய முதல் ஆட்சேபம் அதுவாகத்தான் இருக்கும். இந்த அளவீடு இப்படி வந்தால் இந்த முடிவு, அப்படி வந்தால் அந்த முடிவு என்று ஒரு பத்தி அமைந்துவிட்டால் முன்மொழிவுக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

முந்தைய ஆய்வுகளை இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். யார், எந்த ஆண்டில், என்ன சொன்னார் என்று அடுக்குவதை விட்டு, அவர்கள் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதை மட்டும் காட்டினால் போதும். கால அட்டவணையில் ‘முதலாம் ஆண்டு: தரவு சேகரிப்பு’ என்ற வரியால் எதுவும் விளங்காது. வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படுவதற்கு முன், மே மாதத்தில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஒரு முறையும் மாதிரி எடுப்பேன் என்று எழுதினால், காவிரிப் படுகையை அறிந்தவர் எழுதியது என்பது தானே தெரியும். ஜெர்மனிக்கு வெளியே செய்யும் களப்பணிக்குக் கால வரம்பு உண்டு; நடப்பு ஆண்டின் அறிவிக்கையில் அதைப் பார்த்துவிட்டு மாதங்களைக் குறியுங்கள்.

கேள்வி: முன்மொழிவை முடித்துவிட்டு நெறியாளரைத் தேடுவதா, நெறியாளர் கிடைத்தபின் எழுதுவதா? – வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: டாட் உதவித்தொகையைப் பொறுத்தவரை, ஜெர்மனியில் உங்களை நெறிப்படுத்த இசையும் பேராசிரியரின் உறுதிக் கடிதம் வேண்டும், ஆய்வுத் திட்டமும் அவரோடு கலந்து பேசி முடிவு செய்ததாக இருக்க வேண்டும். ஆகவே முழு முன்மொழிவையும் எழுதி முடித்துக்கொண்டு அவர் முன் போய் நிற்பது பயன் தராது. வெறுங்கையோடு எழுதினாலும் பதில் வராது. கேள்வி, முறை, எதிர்பார்க்கும் தரவு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, அவருடைய கட்டுரை ஒன்றை உண்மையாகவே படித்து, அதில் உங்களுக்கு எழுந்த ஐயத்தை இரண்டு வரியில் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி முப்பது பேருக்கு அனுப்பும் பழக்கம் நம் மாணவர்களிடம் இருக்கிறது. பெறுபவர்களுக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: தேர்வுக் குழுவினர் என் துறையைச் சேர்ந்தவர்களாகவே இருப்பார்களா? – வாசகர், மதுரை

பதில்: குழுவில் இருப்பவர்கள் கல்வியாளர்கள்தான்; ஆனால் உங்கள் உட்பிரிவையே சேர்ந்தவர்களாக எல்லோரும் இருக்க வாய்ப்பில்லை. முதல் பக்கத்தைப் பக்கத்துத் துறைக்காரர் ஒருவருக்குக் கொடுத்து, ஆய்வுக் கேள்வி என்னவென்று திருப்பிச் சொல்லக் கேளுங்கள். அவர் தடுமாறினால், அந்தப் பக்கத்தை மீண்டும் எழுதிவிட்டு மற்றப் பக்கங்களுக்குப் போங்கள்.