சிப்பி வில்லைகள் பழையவையா, என்ன விலை பெறும்?

நீங்கள் கேட்ட மீன் வடிவ, வட்ட வடிவச் சிப்பி வில்லைகள் சீட்டாட்டத்தில் பந்தயக் கணக்குக்கு வைத்தவை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சீனாவின் காண்டன் நகரில் செதுக்கி இங்கிலாந்துக்குக் கப்பலேறியவை நிறைய. முதலில் கையில் எடுங்கள், அசல் சிப்பி சில்லென்று இருக்கும். அப்புறம் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கையால் கீறிய கோட்டின் ஆழம் மாறி மாறிப் போகும், இரண்டு வில்லைகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. வெறும் பூ வேலைப்பாடு என்றால் விலை குறைவு, பெயரின் முதலெழுத்துகள் இருந்தால் கூடுதல், குலச்சின்னம் செதுக்கியிருந்தால்தான் சேகரிப்பவர்கள் போட்டி போடுவார்கள், ஏனென்றால் அதை வைத்து எந்தக் குடும்பம் சொல்லிச் செய்வித்தது என்று கண்டுபிடிக்க வழியிருக்கிறது. ஓரம் உடைந்திருந்தால் விலை இறங்கும். தயவுசெய்து எலுமிச்சை, வினிகர் போட்டுக் கழுவாதீர்கள். சிப்பி பெரும்பாலும் சுண்ணாம்புதான், அமிலம் அரித்த பளபளப்பு திரும்பி வராது.