புலியும் எலியும்

கேள்வி: ஃபுட்சால் என்னும் ஐவர் கால்பந்து ஆட்டத்தில் ஈரான் 2024 வரை 13 முறை ஆசியக் கோப்பையை வென்றிருப்பதாகப் படித்தேன். ஆனால் உலகக் கோப்பையை அது ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஆடத் தெரியாத ஆசிய அணிகளை அடித்துச் சேர்த்த கணக்கை ‘ஆதிக்கம்’ என்று புகழ்வது மிகையல்லவா? உள்ளூரில் புலி, வெளியூரில் எலி என்பதுதானே உண்மை? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: நீங்கள் எலி என்று சொல்லும் அணிதான் 2016இல் கொலம்பியாவில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து பிரேசிலை வெளியேற்றியது. அதற்கு முன் நடந்த ஏழு உலகக் கோப்பைகளில் ஒன்றில்கூட முதல் மூன்று இடங்களுக்குக் கீழே இறங்காத பிரேசில், அந்த ஆட்டத்தில் ஃபால்கவ் மூன்று கோல்கள் அடித்தும், 4-4 என்ற சமநிலைக்குப் பின் பெனால்டியில் 3-2 என்று தோற்று, நாக் அவுட் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே ஊர் திரும்பியது. இந்த ஆட்டம் கண்ட மிகப் பெரிய வீரர் என்று பலராலும் மதிக்கப்படும் ஃபால்கவுக்கு அதுவே கடைசி உலகக் கோப்பை ஆட்டமாக அமைந்தது. வென்ற ஈரானிய வீரர்கள் தங்கள் கொண்டாட்டத்தை நிறுத்திவிட்டு, தோற்றுப்போன அவரைத் தோளுக்கு மேல் தூக்கி எறிந்து பிடித்து மரியாதை செய்தார்கள். அந்தத் தொடரில் ஈரான் மூன்றாம் இடம் பெற்றது; அதற்காக அது பெனால்டியில் வீழ்த்திய அணி போர்ச்சுகல்.

இனி, நீங்கள் மிகை என்று கருதும் கணக்கைப் பார்க்கலாம். 1999இல் கோலாலம்பூரில் தொடங்கியதிலிருந்து 2024இல் பாங்காக்கில் நடந்தது வரை ஆசியக் கோப்பை 17 முறை நடந்திருக்கிறது. 13 முறை ஈரான் வென்றது. மீதி நான்கையும் (2006, 2012, 2014, 2022) ஜப்பான் வென்றது. மூன்றாவதாக ஒரு நாட்டின் பெயர் அந்தக் கோப்பையில் பொறிக்கப்பட்டதே இல்லை. 1999 முதல் 2005 வரை ஈரான் தொடர்ந்து ஏழு முறை வென்றபோது, கடைசி நான்கு ஆண்டுகளின் இறுதி ஆட்டங்களிலும் எதிரில் நின்றது ஜப்பான்தான். எனவே ஆடத் தெரியாதவர்களை அடித்தார்கள் என்று சொல்வதற்கு முன், ஜப்பானையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறீர்களா என்பதை நீங்கள் தெளிவுபடுத்த வேண்டும்.

எதிரிகளின் தரத்தை வைத்து வெற்றியை எடைபோடும் இந்த வழக்கத்தை நாம் நம் வீட்டுக் கணக்கில் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1990 முதல் 2014 வரை ஆண்கள் கபடியில் இந்தியா தொடர்ச்சியாக ஏழு தங்கம் வென்றபோது, எதிரில் ஆடியவர்கள் எத்தனை பேருக்குக் கபடி தெரியும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் 27-18 என்று நம்மைத் தோற்கடித்து அந்த வரிசையை அறுத்ததும் இதே ஈரான்தான்.

இந்த ஆட்டத்தை ஈரான் எங்கே கற்றது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் ஐயம் பாதி தீரும். ஃபுட்சால் என்பது 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட கடினத் தரையில், கோல்கீப்பரையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஐந்து பேராக, வழக்கமான கால்பந்தைவிடச் சிறியதும் குறைவாக எழும்புவதுமான பந்தைக் கொண்டு ஆடுவது. ஈரானின் நகரத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் சின்னக் கோல் வைத்து ஆடும் ஆட்டமும் ஏறக்குறைய இதுதான். கடையில் வாங்கும் மலிவான பிளாஸ்டிக் பந்து காற்றில் பறந்துவிடும் என்பதால், இன்னொரு பந்தைக் கீறி, அதற்குள் இதைத் திணித்து, இரண்டு அடுக்குப் பந்தாக்குவார்கள். அப்போது கனம் கூடும், துள்ளல் குறையும், காலடியில் நிற்கும். ஃபுட்சால் பந்தின் குணத்தை அந்த நாட்டுப் பிள்ளைகள் கத்தியும் கையுமாகத் தெருவிலேயே உண்டாக்கி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் ஆலைகளும் சுரங்கங்களும் கிளப்புகளை நடத்தின. செப்புச் சுரங்கத்தின் பெயரைத் தாங்கிய மெஸ் சுங்குன் 2018இல் ஆசியக் கிளப் பட்டத்தை வென்றது. நாட்டுக்காக 392 கோல்கள் அடித்ததாகக் கணக்கிடப்படும் வாஹித் ஷம்சாயி இந்த மண்ணில் வளர்ந்தவர்தான்; 2024இல் கோப்பையை வென்ற அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. இத்தனை வலிமையுள்ள அணி உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில்கூட ஒருமுறையும் ஆடவில்லை. 1992இல் ஹாங்காங்கில் நான்காம் இடம், 2016இல் மூன்றாம் இடம். அதற்கு மேல் ஏறவில்லை. அதன் தோல்விகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2012இல் கொலம்பியாவிடம் 1-2. 2016 அரையிறுதியில் ரஷ்யாவிடம் 3-4. 2021 காலிறுதியில் இரண்டு கோல் முன்னிலையில் இருந்துவிட்டு கஜகஸ்தானிடம் 2-3. 2024இல் மொராக்கோவிடம் 3-4. நான்கு உலகக் கோப்பைகளிலும் ஈரானின் வாய்ப்பை முடித்தது ஒரே ஒரு கோல். எலியாக இருந்தால் இப்படித் தோற்க முடியாது. எட்டு, பத்து கோல் வித்தியாசத்தில் தோற்றிருக்கும்.

அந்த ஒரு கோல் ஏன் ஒவ்வொரு முறையும் கைநழுவுகிறது என்பதற்கான விடை, நான் புரிந்துகொண்ட வரையில், நீங்கள் குறை சொல்லும் அந்த ஆசிய ஆதிக்கத்திலேயே இருக்கிறது. கண்டத்துக்குள் பெரும்பாலான ஆட்டங்களை இடைவேளைக்கு முன்பே முடித்துவிடும் அணிக்கு, கடைசி மூன்று நிமிடங்களில் ஒரு கோல் முன்னிலையைக் காப்பாற்றும் பழக்கம் வருவதற்கு வழியில்லை. ஃபுட்சாலில் அந்த மூன்று நிமிடங்கள்தான் தனி ஆட்டம். பந்து வெளியே போகும்போதெல்லாம் கடிகாரம் நின்றுவிடுவதால் நேரத்தைக் கடத்த முடியாது. பின்தங்கிய அணி கோல்கீப்பரை முன்னே கொண்டுவந்து, நான்கு பேருக்கு எதிராக ஐந்து பேராகப் பந்தைச் சுற்றிவிடும். ஒரு பாதியில் ஆறாவது ஃபவுல் செய்தால் தடுப்புச் சுவரே இல்லாத நேரடி ஃப்ரீ கிக்கைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்பெயின், போர்ச்சுகல் லீக்குகளில் ஆடுபவர்கள் வாரந்தோறும் இந்த நெருக்கடியில் பழகுகிறார்கள். ஈரானியர்களில் ஒரு சிலருக்கே அந்த வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016இல் ஈரானை வீழ்த்திய ரஷ்ய அணியில் எடெர் லீமா, ரோபின்யோ போன்ற பிரேசிலில் பிறந்தவர்கள் ஆடினார்கள். 2021இல் வீழ்த்திய கஜகஸ்தானின் கோல்கீப்பர் இகிட்டாவும் பிரேசிலில் பிறந்து குடியுரிமை பெற்றவர். விதிகள் இதை அனுமதிக்கின்றன, அதில் தவறு காண நான் வரவில்லை. ஆனால் தன் சொந்தப் பிள்ளைகளை மட்டுமே களமிறக்கும் ஈரானைப் பார்த்து, ‘வெளியூரில் ஏன் வெல்லவில்லை’ என்று கேட்பவர், எதிரணியின் வெளியூர்க்காரர்களையும் ஒரு பார்வை பார்ப்பது முறை.

ஆண்கள் அணியின் கோப்பைகளை மட்டும் எண்ணி நிறுத்திவிட்டீர்கள். பெண்கள் அணியைக் கேள்வியில் விட்டுவிட்டீர்கள். ஆசியப் பெண்கள் ஃபுட்சால் கோப்பை முதன்முதலாக 2015இல் மலேசியாவில் நடந்தபோது, அதை வென்றதும் ஈரான்தான். 2018இல் தாய்லாந்தில் மீண்டும் வென்றது. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் தோற்றது ஜப்பான். 2015இல் அந்த வெற்றியை அவர்கள் தங்கள் அணித்தலைவி நிலூஃபர் அர்தலான் இல்லாமல் பெற்றார்கள். மனைவி வெளிநாடு செல்லக் கணவரின் சம்மதம் வேண்டும் என்ற ஈரானியச் சட்டத்தின்படி அவருடைய கணவர் பயண அனுமதியை மறுத்துவிட்டார். அதே ஆண்டின் இறுதியில் குவாத்தமாலாவில் நடந்த போட்டிக்குச் செல்ல, அரசு வழக்குரைஞர் தலையிட்டு அவருக்கு ஒருமுறை மட்டும் அனுமதி வழங்கினார். ஈரான் அணியின் பலவீனத்தைப் பற்றி எழுத விரும்பினால், அடுத்த கடிதத்தை இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுங்கள். நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.