ஜெர்சி சிட்டி பழைய வாடகை வீட்டில் கைக்குழந்தை: காரீயம் எங்கெல்லாம் இருக்கும், என்ன செய்யலாம்

தம்பி, 1920களில் கட்டிய இரண்டு குடும்ப மரவீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பத்து மாதக் குழந்தை ஜன்னல் ஓரத்தைப் பிடித்து நிற்கப் பழகுகிறாள், அங்கே பெயிண்ட் உரிகிறது, மருத்துவர் ஒரு வயதில் லெட் டெஸ்ட், அதாவது ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்ற சோதனை, எடுக்கச் சொல்கிறார், அடுத்த மாதம் அம்மா ஊரிலிருந்து வருகிறார். இதில் கவலைப்பட ஏதாவது இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி. இருக்கிறது. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அந்த இழப்பு பிறகு முழுதாகச் சரியாவதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. முன்கூட்டித் தடுப்பதுதான் வழி, அதில் பெரும்பகுதி உங்கள் கையிலேயே இருக்கிறது.

முதலில் ஜன்னல். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் சேர்ப்பது 1978ல் தடைசெய்யப்பட்டது. உங்கள் வீடு கட்டிய காலத்தைப் பார்த்தால் அடியில் ஏதோ ஒரு பூச்சில் அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேல்பூச்சு உரியாமல் இருக்கும் சுவரைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். மேலும் கீழும் இழுத்துத் திறக்கிற மரச்சட்ட ஜன்னல்தான் மோசம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மரத்தோடு மரம் உரசி, பழைய பூச்சுகள் எல்லாம் பொடியாகி, சட்டம் வந்து உட்காரும் பள்ளத்தில் சேர்கின்றன. காற்றடித்தால் அது தரைக்கு வருகிறது. குழந்தை தவழ்கிறாள், கையை வாயில் வைக்கிறாள், அவ்வளவுதான். பெயிண்ட் செதிலைப் பிய்த்துத் தின்றால்தான் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசியே போதும். பெரியவர்களைவிடச் சிறு குழந்தையின் குடல் காரீயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும்.

அதனால் துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்துங்கள். பெருக்கினால் தூசி எழுந்து வேறு இடத்தில் உட்காரும், அவ்வளவே. சாதாரண வேக்குவமும் நுண்தூசியைப் பின்பக்கமாக வெளியே ஊதிவிடும். நுண்தூசியைப் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளது என்றால் பயன்படுத்தலாம். ஈரத்தால் துடைப்பதுதான் சரி. ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் பள்ளத்தையும் திட்டையும் பேப்பர் டவலால் துடைத்து, ஒவ்வொரு தாளையும் ஒரே முறையோடு குப்பைப் பையில் போடுங்கள். அழுக்குத் தாளைச் சோப்பு வாளியில் திரும்ப முக்கினால் வாளித் தண்ணீரே கெட்டுவிடும். ஜன்னலுக்குப் பிறகு தரை. வாரம் ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். பொம்மையைக் கழுவுவதும், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் தினசரி வேலை. தொட்டிலையும் விளையாட்டுப் பாயையும் ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். குழந்தையின் அறை ஜன்னலை இப்போதைக்குத் திறக்காதீர்கள். உரிந்த இடத்தின் மேல் டக்ட் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். சுரண்டவோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ கூடவே கூடாது.

மீதி வேலை வீட்டுக்காரருடையது. 1978க்கு முந்தைய வீட்டை வாடகைக்கு விடுபவர், தனக்குத் தெரிந்த லெட் விவரங்களை எழுத்தில் தந்து, அரசின் சிறு கையேட்டையும் லீஸோடு கொடுக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான சட்டம். நியூ ஜெர்சியில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. 2022 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டப்படி, இப்படிப்பட்ட வாடகை வீடுகளைச் சோதித்துப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். சில வகை வீடுகளுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். கண்ணால் பார்த்துக் கொடுத்ததா, தூசி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பிக் கொடுத்ததா என்றும் கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. உரிந்த இடங்களைப் படம் எடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். பதில் இல்லையென்றால் நகரச் சுகாதாரத் துறையிடம் சொல்லலாம். விசாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பயத்தில் பேசாமல் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர், தயவுசெய்து நீங்கள் அப்படி இருக்காதீர்கள். வாடகைதாரர் புகார் செய்ததற்காக வீட்டுக்காரர் பழிவாங்குவதும் இங்கே சட்டப்படி தவறு.

அவர் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்பினால் இன்னும் கவனம். ஒரு அறையில் ஆறு சதுர அடிக்கு மேல் பழைய பூச்சைக் கிளறினாலோ, ஜன்னலையே மாற்றினாலோ, லெட் வேலைக்குச் சான்று பெற்ற நிறுவனம்தான் செய்ய வேண்டும். வேலை முடிந்து, ஈரத் துடைப்பு முடியும்வரை குழந்தை அங்கே இருக்கக் கூடாது. அரைகுறையாகச் சுரண்டிய வேலை, செய்யாமல் விட்டதைவிடக் கெடுதல்.

தண்ணீருக்கு வருவோம். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் குழாய் காரீயமா என்று நீங்களே பார்க்கலாம். கீழ்த்தளத்தில் மீட்டருக்கு முன்னால் அந்தக் குழாயைச் சாவியால் லேசாகக் கீறுங்கள். மென்மையாகக் கீறுப்பட்டு, வெள்ளியாகப் பளபளத்து, காந்தமும் ஒட்டாவிட்டால் காரீயம். காந்தம் ஒட்டினால் இரும்பு. செம்பு நிறத்திலேயே தெரிந்துவிடும். செம்புக் குழாயிலும் 1986க்கு முந்தைய பற்றவைப்பில் காரீயம் இருக்கலாம். கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நம் பழக்கம் இங்கே பலிக்காது. நீர் வற்ற வற்றக் காரீயத்தின் செறிவு கூடும். பால்பவுடர் கரைக்கவும் கஞ்சி வைக்கவும் சுடுதண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள், வெந்நீர் காரீயத்தை அதிகமாகக் கரைக்கும். 'என்எஸ்எஃப் 53' என்ற தரக்குறியும், காரீயத்தை நீக்கும் என்பதும் இரண்டும் அச்சிட்ட ஃபில்டராக வாங்கி, சொன்ன காலத்தில் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். குழாய் நுனி வலையைக் கழற்றி அவ்வப்போது கழுவுங்கள், துகள் அங்கேதான் சிக்கும்.

இனி அம்மாவின் பெட்டி. இதை இங்குள்ள மருத்துவர் பெரும்பாலும் கேட்க மாட்டார், நீங்களே சொல்ல வேண்டும். மஞ்சளுக்கு நிறமேற்ற லெட் குரோமேட் என்ற காரீயச் சாயம் கலப்பது தெற்காசியாவில் நிரூபணமான கலப்படம். வங்கதேசத்தில் கிழங்குக்கே பூசி மெருகேற்றியதைக் கண்டுபிடித்தார்கள், ஆகவே கிழங்காக வாங்கி அரைத்தாலும் அது காப்பல்ல. மூட்டையிலிருந்து அளந்து கொடுத்த, பெயரில்லாத பொடிகள் வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். குழந்தைக்குக் கடைக் கண்மை வேண்டாம். பல சுர்மா வகைக் கண்மைகளில் காரீயக் கந்தகம்தான் மூலப்பொருளே. மலிவான குங்குமம், ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம் இரண்டிலும் சிவப்பு ஈயம் என்ற காரீயச் சேர்மம் இருக்கலாம், நெற்றியில் வைத்தால் கை வழியாக வாய்க்குப் போகும். உலோகங்களைச் சுட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் வகை நாட்டு மருந்துகளைக் குழந்தைக்கு அறவே கொடுக்காதீர்கள். 2004ல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14ல் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. குழந்தை சப்புகிற உலோகத் தாயத்தையும் கழற்றிவிடுங்கள்.

பாத்திரத்தில் இண்டாலியம் சட்டிதான் என் முதல் கவலை. உருக்கிய பழைய உலோகத்தில் வார்க்கும் அலுமினியப் பாத்திரங்களிலிருந்து சமையலில் காரீயம் இறங்குவதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2025ல் எச்சரித்தது. ரசத்துக்கான ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்வது. அதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதை நன்றாகவே இழுக்கும், கலந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. குழந்தை சாப்பிடும் வீட்டில் எவர்சில்வர் போதும்.

கொல்லையில் கீரை போடும் எண்ணம் இருந்தால், சுவரை ஒட்டிய மண்ணில் வேண்டாம். வாங்கிய மண்ணைத் தொட்டியில் நிரப்பிப் போடுங்கள்.

டெஸ்டைக் கண்டிப்பாக எடுங்கள். நியூ ஜெர்சியில் 12 மாதத்திலும் 24 மாதத்திலும் எடுக்க வேண்டும். உரிகிற ஜன்னல் இருப்பதால் பத்து மாதத்திலேயே எடுக்கலாமா என்று கேளுங்கள். விரல் நுனியில் எடுத்தால் தோலில் இருக்கும் தூசியே அளவைக் கூட்டிக் காட்டலாம், அதனால் அதிகமாக வந்தால் கையில் ஊசி போட்டு எடுத்து உறுதிசெய்வார்கள். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பது 2021லிருந்து நாட்டளவில் வைத்திருக்கும் கவன எல்லை. அதற்குக் கீழே பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. உடலிலிருந்து காரீயத்தை இழுக்கும் மருந்து பொதுவாக 45ஐத் தொட்டால்தான். அதற்குக் கீழே, மூலத்தைக் கண்டுபிடித்து அகற்றுவதும் திரும்பத் திரும்ப அளப்பதுமே வைத்தியம். கூடவே இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த குழந்தை காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். பருப்பு, முட்டை மஞ்சள் கரு, கேழ்வரகுக் கூழ், தயிர் எல்லாம் இதற்கு உதவும். ஊருக்குப் போய் ஒன்றிரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தால், அட்டவணையில் இல்லாவிட்டாலும் இன்னொரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.