புறநானூறு 279: அந்தத் தாய் சாவை ஏற்றுக்கொண்டாளா? (கேள்வி பதில்)

பாடலைப் படிக்காதவர்களுக்கு முதலில் சுருக்கம். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது, 11 அடி. மகனைப் போருக்கு அனுப்பும் ஒரு தாயைப் பார்த்து ஒருவர் பேசுகிறார். முன்னொரு நாள் போரில் இவள் 'தன்னை' யானையை வீழ்த்திவிட்டுக் களத்தில் மடிந்தான். நேற்றைய போரில் கணவன் பெரிய ஆநிரையை மறித்து அங்கேயே விழுந்தான். இன்றும் போர்ப்பறை கேட்கிறது. மிச்சம் ஒரே மகன், அவனையும் அனுப்புகிறாள். 'தன்னை'க்குப் பொருள் சொல்லாமல் விட்டிருக்கிறேன், காரணத்தோடுதான்.

கே: மகன் புறமுதுகு காட்டியிருந்தால் அவனுக்குப் பால் கொடுத்த என் மார்பை அறுப்பேன் என்ற தாய் இவள்தானே?

ப: இல்லை. அது 278.

கே: சாவை இவ்வளவு அமைதியாக ஒரு தாய் ஏற்க முடியுமா?

ப: அமைதி எந்த அடியில் இருக்கிறது? என் பழைய புலம்பல்தான்: மேடையில் கேட்டதை மறந்துவிட்டுப் பாட்டை வாய்விட்டுப் படியுங்கள்.

இன்றும் செருப்பறை கேட்டு விருப்புற்று மயங்கி
வேல்கைக் கொடுத்து வெளிதுவிரித்து உடீஇப்
பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி
ஒருமகன் அல்லது இல்லோள்
செருமுக நோக்கிச் செல்கென விடுமே

'விருப்புற்று' என்றதுமே 'மயங்கி' வருகிறது. மேடைப் பேச்சில் முதல் சொல் மட்டும் மிஞ்சும், இரண்டாவது காணாமல் போகும். சரி, எதில் மயங்குகிறாள்? வரிசையைப் பாருங்கள். தலைக்கு எண்ணெய் தடவி, துணி உடுத்தி, கடைசியில் வேலைக் கொடுப்பதுதானே முறை? இங்கே தலைகீழ். வேல் முதலில் கைக்குப் போகிறது. வேலைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு வெள்ளைத் துணியை விரித்துக் கட்டிவிடுகிறாள். அப்புறம்தான் பறட்டைத் தலை கண்ணில் படுகிறது. எச்சங்கள் ('கொடுத்து', 'நீவி' போல முடியாமல் நிற்கும் வினைகள்) அடுக்கிய வரிசையே நடந்த வரிசை என்று இலக்கணம் கட்டாயப்படுத்தாது. ஆனால் 'மயங்கி'யை அடுத்து இப்படி அடுக்கியது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொன்று. இந்தப் பாட்டின் யாப்பு நேரிசை ஆசிரியப்பா. அதில் ஈற்றயலடி (கடைசிக்கு முந்தைய அடி) முச்சீர், மற்றவை நாற்சீர். இங்கே குறையும் அடி எது? 'ஒருமகன் அல்லது இல்லோள்.' ஒரு சீர் இல்லாத இடத்தில் 'இல்லோள்' என்கிறார். யாப்புப்படி வரவேண்டிய குறைதான். அதில் எதை வைப்பது என்பது புலவர் கையில்.

கே: பாட்டின் தொடக்கத்தில் வரும் 'கெடுக சிந்தை' (இவள் சிந்தை கெடட்டும்) சாபமா?

ப: பழிப்பது போலப் புகழ்வது என்றுதான் பொதுவாகக் கொள்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பதற்றமும் கேட்கிறது. சொல்பவள் அவள் இல்லை, பார்த்துக்கொண்டு நிற்பவர். அவள் வாயிலிருந்து வருவது 'செல்க' மட்டுமே. துணிவு, மூதில் மகளிர் (பழைய மறக்குடிப் பெண்கள்) என்ற பட்டமெல்லாம் வேறொருவர் கொடுத்தவை.

கே: 'தன்னை' என்றால் தந்தை. எங்கள் நோட்ஸில் அப்படித்தான் உள்ளது.

ப: தன் + ஐ. 'ஐ' தலைவன். தந்தை, தமையன் இரண்டும் சொல்கிறார்கள். நான் தமையன் பக்கம். 'தன்னையர்' என்று பன்மையில் வந்தால் அண்ணன்மார்தான்.

கே: தந்தை, கணவன், மகன் என்றால் மூன்று தலைமுறை. அதுதானே அழகு?

ப: அழகுதான், அதனால்தான் சந்தேகம். தந்தையைச் சொல்ல நினைத்தவருக்குத் 'தந்தை' என்ற சொல்லே கையில் இருந்தது. தன்னை, தந்தை இரண்டும் தேமா, அதாவது ஒரே ஓசை அளவு. மாற்றினாலும் தளை தட்டாது, யாப்பு கெடாது. ஏன் போடவில்லை?

கே: பழைய உரைகாரரே தந்தை என்கிறாரே?

ப: எப்படிச் சொல்வார்? நமக்குக் கிடைத்துள்ள பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. 279-க்கு உள்ளவை எல்லாம் பிற்கால உரைகள். உரையைத் திறக்காமல் உரைகாரரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

கே: தந்தையா தமையனா, ஒரே சொல்லில்?

ப: மேலே.

கே: 'சாதலும் புதுவதன்றே' பாடலோடு ஒப்பிடலாமா?

ப: அது 192 ('யாதும் ஊரே'), போர்ப்பாட்டு அல்ல. அங்கே சாவு எல்லோருக்கும் பொது. இங்கே வாசலில் ஒருவன் நிற்கிறான். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் 'நெருநல் உளனொருவன் இன்றில்லை' குறளை (336) எடுங்கள். அதே 'நெருநல்' (நேற்று) இங்கும் இருக்கிறது. குறள் 'ஒருவன்' என்று தள்ளி நின்று பேசும். இங்கே அந்த நேற்றைக்கு 'இவள் கொழுநன்' (இவள் கணவன்) என்று ஆள் இருக்கிறது.

கே: ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை வேண்டும்.

ப: ஆசிரியரைக் கேளுங்கள்.

கே: மகன் இறந்தது எந்த அடியில்?

ப: எந்த அடியிலும் இல்லை! 'ஒழிந்தன்னே', 'பட்டனனே' இரண்டும் இறந்தகாலம். மகனுக்கு வருவது 'விடுமே'. எண்ணெய்த் தலையோடு இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.

கே: அப்படியானால் தாத்தா இறந்த வீடு என்று எழுதலாமா?

ப: மாமா.