சூடாக்கிச் சாப்பிட்ட சோறு ஏன் சத்தி எடுக்க வைத்தது?

கேள்வி: காலை 10 மணிக்கு வடித்த சோற்றைச் சட்டியிலேயே மூடி வைத்து, இரவு 8 மணிக்கு ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரத்துக்குள் பிள்ளைகள் இருவருக்கும் சத்தி. அந்தச் சூட்டில் கிருமி சாகாதா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: கிருமி செத்திருக்கும், அது சோற்றில் விட்ட நஞ்சு அழிந்திராது.

நேரக்கணக்கைப் பார்த்தால் முதல் சந்தேகம் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் மேல்தான். மண்ணில் வாழ்வது, நெல்லோடு சேர்ந்தே குசினிக்கு வந்துவிடும். எத்தனை தரம் அரித்துக் கழுவினாலும் முழுதாகப் போகாது.

இதன் கலம் ஒரு சிறு கோல். தடித்த கலச்சுவர், அதற்குள் மென்சவ்வு, உள்ளே குழியவுரு, கருவுறை இல்லாமல் வட்டமாகக் கிடக்கும் டி.என்.ஏ. இந்த நிலையில் கொதிநீர் அதைக் கொன்றுவிடும். ஆனால் உணவு குறைந்தால் கலம் தனக்குள்ளேயே ஓர் அகவித்தியை, அதாவது உறங்கிக் கிடக்கும் கடினமான வித்தியை, உருவாக்கிக்கொள்ளும். நடுவில் நீர் வற்றிய உள்ளகம், அதில் கல்சியமும் டிபிக்கொலினிக் அமிலமும், சுற்றிவரப் பல புரதப் படைகள். உலை கொதிக்கும் 100 பாகையையும் அது தாங்கும். (இது இனப்பெருக்கம் அல்ல. ஒரு கலத்திலிருந்து ஒரே ஒரு வித்திதான். பரீட்சை எழுதும் பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்.)

சோறு ஆறத் தொடங்கியதும் வித்தி முளைக்கும். பிறகு இருகூற்றுப்பிளவு: டி.என்.ஏ இரட்டித்து இரு பக்கமும் விலக, நடுவில் குறுக்குச்சுவர் வளர்ந்து ஒன்று இரண்டாகும். 30 பாகைச் சோற்றில் அரை மணிக்கு ஒருமுறை என்று வைத்தாலும், 6 மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும். ஒரு கிராம் சோற்றில் 100 வித்திகள் இருந்தால் நாலு இலட்சத்தைத் தாண்டும். அந்தக் கூட்டம் விடும் சீரியுலைட் என்ற நஞ்சு 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. வீட்டு அடுப்பு அதை ஒன்றும் செய்யாது.

ஆகவே பிழை இரவுச் சூட்டில் இல்லை, சட்டி பகல் முழுக்கக் கிடந்ததில்தான். வடித்து மூன்று மணி நேரம் கழித்து நடுச்சோற்றை அகப்பையால் கிளறிப் பாருங்கள். மேல் ஆறியிருக்கும், அடி இன்னும் வெதுவெதுவென்று இருக்கும். இரவுக்கு வேண்டியதை வடித்த கையோடு அகன்ற தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் உயராமல் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் 5 பாகைக்குக் கீழே வையுங்கள். சட்டியோடு வைத்தால் நடு ஆற மணிக்கணக்காகும். மறுநாளுக்குள் முடியுங்கள், ஒருமுறைக்கு மேல் சூடாக்க வேண்டாம். பிரிட்ஜ் இல்லையென்றால் இரவுக்குப் புதிதாக ஒரு சுண்டு அரிசி போடுவதே நல்லது.

பழஞ்சோற்றில் புளிப்பு ஏற ஏற இந்தப் பற்றீரியா அடங்கும். ஆனால் இரவுவரை சும்மா கிடந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றினால், முன்பே ஊறிய நஞ்சைப் புளிப்பு எடுக்காது.

சத்தி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். ஜீவனியை (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பொட்டலத்தில் சொன்ன அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். பிள்ளை சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ, குடித்தது எதுவும் தங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.