ஆச்சி, தம்பி கருப்புத் திரையில் என்னதான் தட்டுகிறான்?

ஆச்சி, நீங்கள் போனில் கேட்டதை எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்னும் நாலு வீட்டில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். பையன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம், ராத்திரி ஒரு மணி வரைக்கும் தட்டிக்கொண்டே இருக்கிறான், ஆப்பும் இல்லை வெப்சைட்டும் இல்லை, லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நெட்வொர்க் போட்டுப் பழகுகிறானாம். இதற்கு வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கமாண்டை மனப்பாடம் செய்தவனுக்கு இல்லை, கோளாறு எங்கே என்று பிடிக்கத் தெரிந்தவனுக்கு.

நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வளவுக்குள் ஒருவரை ஒருவர் கூப்பிட யாரும் தெருவுக்குப் போவதில்லை. வெளியே போக வேண்டுமென்றால்தான் முகப்பைத் தாண்ட வேண்டும். ஒரு மெஷினுக்கு 192.168.1.10/24 என்று முகவரி கொடுத்தால், 192.168.1 என்று தொடங்குகிறவை எல்லாம் ஒரே வளவு. மற்ற எதுவானாலும் 'இந்த வாசல் வழியாகப் போ' என்று சொல்ல ஒரு வரி வேண்டும், அதுதான் டிபால்ட் ரூட். 'ஐபி ரூட்' என்று அடித்தால் அந்த வரி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்டர்வியூவில் இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்: பக்கத்து மெஷினுக்கு பிங் (‘இருக்கிறாயா?’ என்று கூப்பிட்டுப் பார்க்கிற கமாண்ட்) போகிறது, வெளியே இணையத்தில் இருக்கிற கூகுளின் 8.8.8.8 முகவரிக்குப் போகவில்லை, முதலில் எதைப் பார்ப்பாய்? சரி, அதற்கும் போகிறது, தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் திறக்கவில்லை, இப்போது? முதலாவதுக்கு ரூட், இரண்டாவதுக்கு பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் என்று தம்பி யோசிக்காமல் சொன்னால் பாதிக் கிணறு தாண்டிவிட்டான்.

இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன் நானும் சர்வர் பார்த்தவன்தான். ஒருநாள் இரவு, எங்கேயோ இருக்கிற சர்வருக்குள் வீட்டிலிருந்தே நுழைந்து, பழைய வாசலை மாற்றுகிற அவசரத்தில் டிபால்ட் ரூட்டை அழிக்கிற 'ஐபி ரூட் டெல் டிபால்ட்' கமாண்டை அடித்து என்டரைத் தட்டினேன். திரை அப்படியே உறைந்துவிட்டது. நான் உள்ளே போன வழியும் அதே வாசல்தானே! அங்கிருந்த காவலாளி அண்ணனை எழுப்பி, மெஷினை அணைத்துப் போடச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஐபி கமாண்டில் செய்கிற மாற்றம் ரீபூட் வரைக்கும்தான், கோப்பில் எழுதி வைத்த பழைய ரூட் தானே திரும்பி வந்துவிட்டது. நிலைக்க வேண்டுமென்றால், உபுண்டு என்கிற லினக்ஸ் வகையின் சர்வரில் நெட்பிளான், ரெட் ஹேட் வகையில் என்எம்சிஎல்ஐ என்கிற கருவி வழியாகச் செய்ய வேண்டும். ரெட் ஹேட் நிறுவனம் லினக்ஸ் நிர்வாகத்துக்கு நடத்துகிற ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ் தேர்வில் இது உயிர்நாடி: நிஜ மெஷினில் செய்து காட்ட வேண்டும், ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும், இல்லையென்றால் மார்க் போச்சு.

கோர்ஸுக்காக நகையை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இன்ஸ்டிட்யூட்டில் இன்னமும் இஃப்கான்ஃபிக் என்கிற பழைய நெட்வொர்க் கமாண்டை மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள் என்றால் அந்தப் பக்கமே வேண்டாம், புது லினக்ஸ் பலவற்றில் அது தானாக வருவதுகூட இல்லை. 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில், கம்ப்யூட்டருக்குள்ளேயே கம்ப்யூட்டர் ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு இரண்டு மெஷின் ஓட்டினால் இப்போதைக்குப் போதும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: முதல் வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, அதுவும் நைட் ஷிப்ட் சப்போர்ட். பையனை அனுப்ப மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டி வாருங்கள். லேப்டாப்பையும் எடுத்து வரச் சொல்லுங்கள், டிபால்ட் ரூட்டை நான் அழித்துவிட்டு அவன் கையில் கொடுக்கிறேன், நாம் காபி குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடிக்கிறானா பார்ப்போம்.