சென்னை டூ கொழும்பு, யாழ்ப்பாணம்: எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்?

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல இலங்கை டிக்கெட் பத்திதான், அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதிடறேன்.

சென்னை - கொழும்பு எத்தன கிலோமீட்டர்? டிக்கெட்ல ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கே, அவ்ளோ தூரமா?

ஏர்போர்ட் டூ ஏர்போர்ட் நேர்கோட்டுல சுமார் 645 கி.மீ. டிக்கெட்ல இருக்குறது இங்க ப்ளேன் கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும், ரன்வேக்கு ஊர்ந்து போற நேரம், வரிசைல நிக்கிற நேரம் எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். வானத்துல பறக்குறது என்னவோ ஒரு மணி நேரம் சொச்சம்தான். சாண்ட்விச்ச பிரிச்சு பாதி சாப்பிடறதுக்குள்ள டிரேய மூடுங்கன்னு வந்து நிப்பாங்க.

போக வேண்டியது யாழ்ப்பாணம். கொழும்பு டிக்கெட் விலை கம்மியா இருக்கு, அங்க இறங்கி போயிடலாமா?

மேப்ல சென்னைக்கும், கொழும்பு ஏர்போர்ட் இருக்குற கட்டுநாயக்காவுக்கும் ஒரு ஸ்கேல வச்சு கோடு போட்டு பாருங்க, கோடு கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்து மேலயே போகும். அதாவது நீங்க போக வேண்டிய வீட்டு மொட்டமாடிக்கு மேல பறந்து தெக்க போய் இறங்கி, அங்க இருந்து ரோட்டுல 350 கி.மீ.க்கு மேல வடக்க திரும்பி வரணும், பஸ்னா 7, 8 மணி நேரம். தலைய சுத்தி மூக்க தொடுற கததான். யாழ்ப்பாணம் ஏர்போர்ட் இருக்குற பலாலிக்கு நேரா போனா சென்னைல இருந்து 355 கி.மீ., இறங்குனா டவுன் பக்கம்தான். கொழும்புல வேற வேல இருந்தா சரி, இல்லன்னா பஸ் காசு, சாப்பாடு, ஒரு நாள் லீவு எல்லாத்தையும் கூட்டி பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

பாதி தூரம்தானே, அப்புறம் ஏன் யாழ்ப்பாணத்துக்கும் கிட்டத்தட்ட அதே நேரம் காட்டுது?

நல்ல கேள்வி. பலாலி ரன்வே சின்னது, அதனால அங்க போறது ஏடிஆர், இறக்கைல காத்தாடி சுத்துமே அது. ஜெட் 800 கி.மீ. வேகத்துல போனா இது 500 பக்கம்தான். அதோட தரைல ஊர்ற நேரம் தூரம் கொறஞ்சாலும் கொறையாது. பெரிய டிராலி பேக் மேல இருக்குற ரேக்ல நுழையறது கஷ்டம், ஏறுறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்குவாங்க, மருந்தையும் பாஸ்போர்ட்டையும் தனியா கைல எடுத்துக்கோங்க.

அண்ணை, சென்னைக்கு வரேக்க மணிக்கூட்டை மாத்த வேணுமோ?

வேண்டாம் தம்பி. ரெண்டு பக்கமும் ஒரே நேரம்தான். 1996ல இலங்கைல நேரத்த முன்னாடி தள்ளி வச்சாங்க, 2006ல திரும்ப பழையபடி ஆக்கிட்டாங்க. உங்க அப்பா மாத்த சொன்னா அவரு அந்த காலத்துல வந்து போனவரா இருப்பாரு.

நாகப்பட்டினம் கப்பல் எப்படி?

நாகைல இருந்து யாழ்ப்பாணம் பக்கத்து துறைமுகமான காங்கேசன்துறை சுமார் 110 கி.மீ., 4 மணி நேரம் பக்கம் ஆகும். நாகை, திருவாரூர் ஆளுங்களுக்கு இதுதான் சரி, சென்னைல இருந்து ராத்திரி முழுக்க பஸ்ல போய் ஏறுறதுன்னா நேரத்துல ஒரு லாபமும் இல்ல. கடல் கொந்தளிச்சா, மழைக்காலம் வந்தா ரத்து பண்ணிடுவாங்க, அதனால கல்யாணத்துக்கு மொத நாள் கெளம்புற மாதிரி வச்சுக்காதீங்க.

கொழும்பு ஃப்ளைட்ல எந்தப் பக்கம் ஜன்னல் சீட்?

போறப்ப வலது பக்கம். மேகம் இல்லன்னா ராமர் பாலத்து மணல்திட்டு தெரிய சான்ஸ் இருக்கு. திரும்பி வர்றப்ப இடது பக்கம் மாத்திக்கோங்க.